காஸ்மிக் கேட்டா, ஆலி அண்ட் ஃபிலாவா?

டிரான்ஸ் என்கிற மின்னணு நடன இசையில் இரண்டு பேர் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். ஜெர்மனியின் காஸ்மிக் கேட் (நிக் சகால், போஸி) 1999-இல் ஆரம்பித்தபோது அடித்து நொறுக்கும் ஹார்டு டிரான்ஸ்தான், அவர்களின் 'ஃபயர் வயர்' டிராக்கைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் 2009-இல் 'சைன் ஆஃப் தி டைம்ஸ்' ஆல்பம் வருவதற்குள் வேகம் குறைந்து, எம்மா ஹெவிட் மாதிரி பாடகர்கள் உள்ளே வந்து, பழைய ரசிகர்கள் இவர்களா அவர்கள் என்று கேட்கும் அளவுக்கு ஆளே மாறிவிட்டார்கள். எனக்கு இந்த மாற்றம் பிடித்தது, கொஞ்சம் வழவழப்பு கூடிவிட்டது என்றாலும்.

கெய்ரோவின் ஆலி அண்ட் ஃபிலா (ஆலி, ஃபிலா என்கிற ஃபாதி) நேர் எதிர். 138 பிபிஎம் (நிமிடத்துக்கு 138 தாளத் தட்டு) வேகம், உணர்ச்சி பொங்கும் மெலடி, அவ்வளவுதான், உலகம் எந்தப் பக்கம் போனாலும் அதை விடவில்லை. ஒரு கட்டத்தில் ஃபாதிக்குக் காதில் பாதிப்பு வந்து மேடையை விட்டே விலக வேண்டியதாயிற்று. அதன்பின் ஆலி தனியாக ஊர் ஊராகப் போய் வாசிக்க, ஃபாதி ஸ்டுடியோவில் உட்கார்ந்தார். இருந்தும் பெயரை மாற்றவில்லை, ஜோடியாகவே தொடர்ந்தார்கள். 'ஃப்யூச்சர் சவுண்ட் ஆஃப் ஈஜிப்ட்' என்று சொந்த ரேடியோ நிகழ்ச்சி, பாடல்களை வெளியிடச் சொந்த லேபிள். 400-வது எபிசோடை 2015-இல் கீசா பிரமிடுகள் பக்கத்திலேயே கொண்டாடினார்கள்!

ஆல்பமாக உட்கார்ந்து கேட்க காஸ்மிக் கேட். ராத்திரி முழுக்க ஆட வேண்டுமா, சரி, ஆலி அண்ட் ஃபிலாதான்.