ரப்பர் விசைப்பலகையும் ரொட்டிப் பெட்டியும்: ஸ்பெக்ட்ரமா, கொமடோர் 64ஆ?

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தது 1984 கடைசியில். அப்போது எனக்குப் பத்து வயது. அடுத்த வருடம் அப்பா யாரிடமோ சொல்லிவைத்து, ஏற்கெனவே ஒரு வீட்டில் புழங்கிய, ரப்பர் விசைகள் கொண்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி ஒன்றை வாங்கி வந்தார். இரண்டு வீடு தள்ளியிருந்த நண்பனிடம் ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கும் கொமடோர் 64 இருந்தது. பள்ளிக்கூடம் விட்டால் ஒரு நாள் எங்கள் வீடு, மறுநாள் அவன் வீடு. எது நல்ல கணினி என்ற சண்டை மட்டும் எந்த வீட்டிலும் தீரவில்லை. போன மாதம் இரண்டையும் எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, பழைய விளையாட்டுகளைப் பொறுமையாக ஆடிப் பார்த்தேன். அந்தச் சண்டையை இப்போதாவது ஒழுங்காகப் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் காசு. ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில் வெளியானபோது 16கே நினைவகம் உள்ளது 125 பவுன், 48கே உள்ளது 175 பவுன். கொமடோர் 64 பிரிட்டனுக்கு வந்தபோது 399 பவுன். பிறகு இரண்டும் இறங்கின, ஆனால் இடைவெளி போகவில்லை. விலையை மட்டும் பார்த்தால் போதாது. கொமடோருக்கு அதற்கென்றே செய்த டேட்டாசெட் என்ற டேப் கருவி வேண்டும். ஸ்பெக்ட்ரமுக்கு வீட்டில் பாட்டுக் கேட்கும் எந்த கேசட் ரெக்கார்டரும் போதும். எங்கள் வீட்டில் காலையில் சீர்காழி பாடிய ரெக்கார்டர்தான் மாலையில் மேனிக் மைனர் என்ற விளையாட்டைக் கணினியில் ஏற்றியது. புதிதாக வந்து குடியேறிய குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

ஏற்றுவது என்றேனே, அதுவே ஒரு சடங்கு. ஜே விசையை அழுத்தினால் 'லோட்' என்ற முழுச்சொல் திரையில் வந்து விழும், பின்னால் இரண்டு மேற்கோள் குறி, என்டர். பிறகு டேப்பை ஓட விட வேண்டும். திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாக அகலக் கோடுகள், அடுத்து நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள், கூடவே காதைக் கிழிக்கும் கீச்சொலி. ஐந்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சத்தம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ கடைசி நொடியில் 'டேப் லோடிங் எரர்' என்று வரும். திரும்பவும் முதலிலிருந்து.

கொமடோரின் சொந்த டேப் முறை இதைவிட மிக மெதுவானது. ஆனால் அந்தக் குறையை நிரலாளர்களே சரிசெய்தார்கள். வேகமாக ஏற்றும் டர்போ லோடர்கள் வந்தன. காத்திருக்கும் நேரத்தில் அருமையான இசை வந்தது. ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆடுவதற்கு ஒரு குட்டி விளையாட்டைக்கூடச் சில கேசட்டுகளில் வைத்தார்கள். நண்பன் வீட்டில் காத்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

அந்த இசைதான் கொமடோரின் உயிர். பாப் யானெஸ் வடிவமைத்த சிட் என்ற சில்லில் மூன்று குரல்கள், ஒலியின் நிறத்தையே மாற்றும் ஃபில்டர். மார்ட்டின் கால்வே, ராப் ஹப்பர்ட் போன்றவர்கள் அதைப் பியானோ மாதிரி அல்ல, ஒரு முழு வாத்தியக் குழு மாதிரி வாசித்தார்கள். ஸ்பெக்ட்ரமில் இருந்தது ஒரே ஒரு பீப்பர். அதையும் மையச் செயலியே கையால் தட்டியாக வேண்டும். தட்டும் நேரத்தில் விளையாட்டு நின்றுவிடும். 1983இல் மேத்யூ ஸ்மித் செய்த மேனிக் மைனரில் ஆட்டத்தினூடே இசை ஓடுவது அப்போது அதிசயம். ஒவ்வொரு சுரத்தையும் துண்டு துண்டாக நறுக்கி, ஆட்டத்தின் இடைவெளிகளில் சொருகியிருந்தார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் கேட்க இனிமையாக இல்லை. ஒலியில் கொமடோர் வென்றது, இதில் இரண்டாம் பேச்சே கிடையாது.

படம் அப்படியல்ல. இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கொமடோரில் 16 நிறங்கள். நகரும் உருவங்களுக்கென்றே எட்டு ஸ்பிரைட்டுகள் வன்பொருளிலேயே இருந்தன. எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னால் போதும், பின்னணியை அழித்துத் திரும்ப வரைகிற வேலை நிரலாளருக்கு இல்லை. திரையை வழுக்கிக்கொண்டு நகர்த்துவதற்கும் வன்பொருளே உதவியது. ஆண்ட்ரூ பிரேபுரூக்கின் யுரிடியம் விளையாட்டு 1986இல் வந்தபோது, அந்த உலோகக் கப்பல்களின் மேல் என் விமானம் வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. இம்பாசிபிள் மிஷன் விளையாட்டில் ஆள் கரணம் அடிக்கும் அழகை இன்று பார்த்தாலும் கண் நிற்கிறது.

ஸ்பெக்ட்ரமில் இது எதுவும் கிடையாது. திரையில் 256க்கு 192 புள்ளிகள், ஆனால் நிறத்துக்குத் தனிக் கணக்கு: எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம். அப்படி 768 கட்டங்கள். நினைவகத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு அது. மொத்தத் திரையும் 6912 பைட்டில் அடங்கிவிடும். விளைவு? சிவப்புச் சட்டை போட்டவன் பச்சை மரத்தின் பக்கம் போனால் மரத்தின் ஒரு துண்டு சிவப்பாகிவிடும். நண்பன் இதைச் சொல்லிச் சொல்லியே என்னை அழவைத்தான்.

ஆனால் 1984இல் அல்டிமேட் நிறுவனத்தின் நைட் லோர் விளையாட்டு வந்தது. அதைச் செய்த ஸ்டாம்பர் சகோதரர்கள் நிறத்தோடு போராடுவதை விட்டுவிட்டார்கள். ஒரு அறைக்கு ஒரே நிறம், கறுப்புப் பின்னணி, கோணத்திலிருந்து பார்க்கும் கனமான கற்கள், மேலே ஏறி நிற்கக்கூடிய மேசைகள். இரவானால் நாயகன் ஓநாயாக மாறி உடல் முறுக்கித் துடிப்பான். நாற்பது நாளுக்குள் மருந்து தேட வேண்டும். நிறம் குறைந்ததால் அந்த மாளிகைக்கு ஒரு இருட்டும் அமைதியும் வந்தன. திரையில் பொருள்கள் கூடினால் ஆட்டம் மெதுவாகிவிடும், உண்மைதான். ஆனாலும் அன்று நண்பன் வாயைத் திறக்கவில்லை. வன்பொருள் கொடுத்ததை வைத்து அழகு செய்வது ஒன்று, கொடுக்காததை வைத்துச் செய்வது வேறு. எனக்கு இரண்டாவது பெரிதாகத் தெரிகிறது.

முப்பரிமாணக் கணக்குகளிலும் ஸ்பெக்ட்ரமின் 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 செயலி கை கொடுத்தது. கொமடோரின் 6510 ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இரண்டு செயலிகளும் வேலை செய்யும் விதம் வேறு என்பதால் அந்த எண்களை நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் டிரில்லர் மாதிரியான முப்பரிமாண விளையாட்டில் கொமடோர் மூச்சு வாங்குவது கண்ணுக்கே தெரியும்.

அந்தக் காலத்தின் இன்னொரு கணினியான பிபிசி மைக்ரோவையும் சொல்லாமல் விட முடியாது, எலைட் என்ற விண்வெளி விளையாட்டு முதலில் பிறந்தது அதில்தான். இயன் பெல்லும் டேவிட் பிரேபனும் 1984இல் எட்டு விண்மீன் மண்டலங்களை, ஒவ்வொன்றிலும் 256 கோள்களோடு, அந்தச் சின்ன நினைவகத்துக்குள் சூத்திரத்தால் விரித்தார்கள். சென்னையில் இருந்த என் சித்தப்பா மகன் அதே பிபிசி கணினியைப் பள்ளியில் பார்த்திருக்கிறான். இந்திய அரசு 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனது அதுதான். எங்களுக்கோ இங்கே அது வகுப்பறைப் பொருள். வீட்டில் வைத்துக்கொள்ளும் விலையில் இல்லை.

சரி, கடைசியாக நிரல் எழுதுவது. கொமடோரின் பேசிக் மொழியில் படத்துக்கும் ஒலிக்கும் கட்டளையே கிடையாது. அவ்வளவு அற்புதமான சில்லுகளை உள்ளே வைத்துவிட்டுச் சாவியைக் கொடுக்காமல் விட்டார்கள். திரையோரத்தைச் சிவப்பாக்க 'போக் 53280,2' என்று எழுத வேண்டும். ஸ்பெக்ட்ரமில் 'பார்டர் 2', அவ்வளவுதான். ஒரு சுரம் கேட்க 'பீப் 1,0'. வட்டம் போட 'சர்க்கிள்'. ஸ்டீவ் விக்கர்ஸ் எழுதிய கையேடு ஒவ்வொன்றையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டிருந்த எனக்கே அது புரிந்தது. வகுப்பில் வாய் திறக்கப் பயந்த பெடியன் நான். வீட்டில் இந்தப் பெட்டி நான் சொன்னதைக் கேட்டது.

ஆக, ஆடுவதற்கு மட்டும் என்றால் கொமடோரை எடுங்கள், தயங்க வேண்டாம். யுரிடியத்தில் தொடங்குங்கள், ஒலியைக் கூட்டி வையுங்கள். எமுலேட்டர் வேண்டாம், கையில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் புதிய வார்ப்புகளும் கிடைக்கின்றன. 2018இல் வந்த சி64 மினியின் விசைகள் வெறும் அலங்காரம், ஆகவே 2019இல் வந்த முழு அளவுப் பெட்டியை வாங்குங்கள். 2024இல் வந்த ஸ்பெக்ட்ரமில் அந்த ரப்பர் விசைகள் உண்மையாகவே வேலை செய்கின்றன. எனக்கு அதுதான். வாங்கி வந்த அன்று என் மகள் ஒரு விளையாட்டை ஆடிப் பார்த்துவிட்டு, இது கஷ்டம் என்று ஒதுக்கி வைத்தாள். அப்புறம் நான் பி விசையைக் காட்டினேன். 'பார்டர்' என்று வந்தது. அவள் 2 போட்டாள், என்டர் தட்டினாள். ஓரமெல்லாம் சிவந்தது. "அப்பா, மற்ற எண்களுக்கு என்ன நிறம்?" என்று கேட்டுக்கொண்டே கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டாள்.