ஆம்ஸ்டர்டாமா, வெனிஸா, ப்ரூஜா? குடும்பத்தோடு மூன்று நாள் போக எது சரி

ஐரோப்பாவில் கால்வாய் ஊர் என்றதும் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், இத்தாலியின் வெனிஸ், பெல்ஜியத்தின் ப்ரூஜ் என்ற இந்த மூன்று பெயர்கள்தான் முதலில் வரும். மூன்றுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. எது அழகு என்று பார்த்து முடிவெடுக்கப் போனால் முடிவே வராது. குடும்பமாகப் போகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு: நம் கூட்டத்தில் குறைவாக நடக்கக்கூடியவர் யார்? ஸ்ட்ரோலரில் இருக்கும் குழந்தையா, முழங்கால் வலியுள்ள அம்மாவா, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கும் ஆறு வயதுப் பையனா? மூன்றே நாள் பயணத்தில் எல்லோரும் அவருடைய வேகத்தில்தான் நடக்கப் போகிறோம்.

இந்தக் கணக்கில் மிகவும் சோதிக்கிற ஊரும் வெனிஸ்தான், மிகவும் வாரிக் கொடுக்கிற ஊரும் வெனிஸ்தான். நூற்றுக்கு மேற்பட்ட குட்டித் தீவுகளை நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. பெரும்பாலான பாலங்களுக்குப் படிகள் உண்டு. ஏறி இறங்க வேண்டும், பத்து அடி தள்ளி அடுத்தது வரும். ஸ்ட்ரோலர் என்றால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துத் தூக்க வேண்டும். பெட்டியும் சேர்ந்தால் விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பாவுக்குத் தோள் கழன்றுவிடும்.

ஆனால் சாலை முடியும் இடமான பியாட்சாலே ரோமாவைத் தாண்டினால் கார் கிடையாது, பைக் கிடையாது. ஊருக்குள் சைக்கிள் ஓட்டவும் அனுமதி இல்லை. குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய நகரம் ஐரோப்பாவில் வேறு எங்கே இருக்கிறது? மாலையில் 'காம்போ' எனப்படும் சின்னச் சதுக்கங்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள், நம் பிள்ளைகளும் அப்படியே கலந்துவிடுவார்கள். ஆம்புலன்ஸ் படகில் வரும். குப்பை படகில் போகும். சலவைத் துணி மூட்டை, கட்டடக் கல், பார்சல் எல்லாம் படகில்தான். எட்டு வயதுக் குழந்தைக்கு எந்த அருங்காட்சியகமும் இதற்கு ஈடாகாது.

அங்கே நகரப் பேருந்துக்குப் பதில் வாப்பொரெட்டோ. மிதக்கும் நிறுத்தத்தில் நின்றால் காலடியில் மேடை லேசாக ஆடும். படகு வந்து உரசியதும் ஊழியர் கயிற்றை வீசி இரும்புத் தூணில் சுற்றி இழுத்துக் கட்டுவார், கிராதியைத் தள்ளித் திறப்பார், ஆட்கள் இறங்கி ஏறியதும் ஒரே இழுப்பில் கயிற்றை அவிழ்ப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதேதான் நடக்கும், ஒவ்வொரு முறையும் குழந்தைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். முதலாம் எண் படகு கிராண்ட் கால்வாய் முழுக்க நின்று நின்று போகும். கொண்டோலா என்ற துடுப்புப் படகின் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு இதுவே போதும். கொண்டோலாவுக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் அரை மணிக்கு 90 யூரோ. அது படகுக்கான கட்டணம், ஐந்து பேர் வரை ஏறலாம். வாப்பொரெட்டோவில் ஒற்றைச் சீட்டு 9.50 யூரோ ஆகிவிட்டதால் நாள் கணக்குச் சீட்டுதான் கட்டுபடியாகும். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம்.

வயதானவர்களோடு வெனிஸ் போகலாமா என்று கேட்டால், போகலாம் என்பேன். அறை பார்க்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு, "படகு நிறுத்தத்திலிருந்து உங்கள் வாசலுக்கு எத்தனை பாலம்?" என்று எழுதிக் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மூன்று என்றால் வேண்டாம். அங்கே வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லை, பேட்டைவாரியாக ஆயிரக்கணக்கில் ஓடும். ஆகவே விடுதிக்காரரை நிறுத்தத்துக்கே வந்து கூட்டிப்போகச் சொல்வது நல்லது.

ஆம்ஸ்டர்டாம் இதற்கு நேர் எதிர். கால்களுக்கு அது கருணை காட்டும். ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம், கால் மணி நேரத்தில் நகர மையம். டிராமில் ஸ்ட்ரோலரை அப்படியே உருட்டி ஏற்றலாம். பாலங்கள் இங்கும் ஆயிரத்துக்கு மேல் உண்டு, ஆனால் சாலையோடு சேர்ந்தவை, படி ஏறும் தொல்லை இல்லை. மத்திய ரயில் நிலையத்தின் பின்புறம் ஐ நீர்ப்பரப்பைக் கடக்கும் படகுகளுக்குக் காசே கிடையாது. பிள்ளைகளுக்குப் படகு ஆசை வந்தால் முதலில் அதில் ஏற்றிக் காட்டுங்கள்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது: சைக்கிள். செந்நிறப் பாதை அவர்களுடையது. அதில் நம் குழந்தை ஒரு நொடி நின்றாலும் மணி அடித்துக்கொண்டு வேகமாக வருவார்கள், குறைக்க மாட்டார்கள். இரண்டாவது, கால்வாய் ஓரங்களில் பெரும்பாலும் தடுப்புக் கம்பி கிடையாது. நடைபாதை, நிறுத்திய கார், அப்புறம் நேராகத் தண்ணீர். வெனிஸிலும் ப்ரூஜிலும் தடுப்பில்லாத கரைகள் உண்டு. ஆனால் வெனிஸில் நம் கவனம் முழுவதையும் தண்ணீர்ப் பக்கம் வைக்கலாம். இங்கே தண்ணீரையும் சைக்கிளையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். ஓடத் தொடங்கிய இரண்டு மூன்று வயதுக் குழந்தை என்றால் பெற்றோருக்கு ஓய்வே இல்லை. கைக்குழந்தைக்கும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கவலை குறைவு.

அறையும் பார்த்து எடுக்க வேண்டும். பழைய வீடுகள் ஒடுக்கமானவை, படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக ஏறும். அறைகலன்களைச் சன்னல் வழியாக ஏற்றத்தான் வீட்டு முகப்பின் உச்சியில் கொக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டி வருகிறார் என்றால் லிஃப்ட் உண்டா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம் சுற்றுலா வரி. ஐந்தாறு பேராகப் போகிறவர்கள் பக்கத்து ஊரான ஹார்லெமில் தங்கிக்கொள்ளலாம். ரயிலில் கால் மணி தூரம், அதற்கும் சொந்தக் கால்வாய்கள் உண்டு, ராத்திரி அமைதியாக இருக்கும்.

மழை வந்தால் ஆம்ஸ்டர்டாமை அடிக்க ஆள் இல்லை. நீமோ அறிவியல் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் தொட்டு, திருகி, சோப்புக் குமிழிக்குள் நின்று அரை நாள் போக்கிவிடுவார்கள். ரைக்ஸ்மியூசியத்திலும் வான் கோ அருங்காட்சியகத்திலும் 18 வயதுக்குக் கீழ் கட்டணமில்லை. வான் கோவுக்கு நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்தே ஆக வேண்டும். நாஜிகளுக்கு அஞ்சிப் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் வீட்டுக்கான சீட்டு ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் கழித்து வரும் தேதிகளுக்குத் திறக்கும். சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த அலமாரிக்குப் பின்னால் இருக்கும் வெற்று அறைகளைப் புரிந்துகொள்ளும் வயதில் உள்ள பிள்ளை உங்களோடு வந்தால், மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். சின்னக் குழந்தைகளை அழைத்துப்போவதில் பயனில்லை. படிகளும் கடினம்.

ப்ரூஜ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஊரே சுருக்கம்தான். கடலோடு இணைத்த ஸ்வின் நீர்வழி மணலால் தூர்ந்துபோய் வணிகம் நகர்ந்தது, ஊர் இடைக்கால உருவத்திலேயே நின்றுவிட்டது. ரயில் நிலையத்திலிருந்து மார்க்ட் சதுக்கத்துக்கு இருபது நிமிட நடை. அரை மணி நேரப் படகுச் சவாரி, 366 படி ஏறும் மணிக்கூண்டு, மின்னெவாட்டர் ஏரிப் பக்கம் அன்னங்கள், சாக்லேட் கடைகள். கிழக்கே பழைய மதில் மேட்டில் காற்றாலைகள் நிற்கின்றன, கூட்டம் அங்கே எட்டாது, புல்சரிவில் குழந்தைகள் உருளலாம். ஒரு முழு நாளில் முடிந்துவிடும். ஆகவே பகலில் மட்டும் வந்து திரும்பாமல் ஓர் இரவாவது தங்க வேண்டும். சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு மாலை ஏழு மணிக்கு ஊர் உங்கள் கைக்கு வரும். மறுநாள் அரை மணி ரயிலில் பக்கத்து நகரமான கென்ட் போய் கிராவென்ஸ்டீன் கோட்டையைக் காட்டினால் பையன்களுக்குக் கொண்டாட்டம். ஸ்ட்ரோலர் மட்டும் பெரிய சக்கரம் உள்ளதாக இருக்கட்டும், முழுக்கக் கற்சாலை.

சாப்பாட்டில் ஆம்ஸ்டர்டாம் கொஞ்சமும் கஷ்டப்படுத்தாது. இந்திய உணவகங்கள் நிறைய, அதைவிட முக்கியம், தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சூரினாமிலிருந்து வந்தவர்களின் கடைகள். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சூரினாமுக்குப் போனவர்களின் வழிவந்த ரொட்டியும் உருளைக்கிழங்கு மசாலாவும் அங்கே கிடைக்கும், காரத்துக்கு ஏங்கும் நாக்குக்கு உடனே பிடிக்கும். வெனிஸில் பீட்சா, தக்காளி பாஸ்தா, ஜெலாட்டோ என்று குழந்தைகளுக்குப் பிரச்சினையே இல்லை. பெரியவர்களுக்கு இரண்டாம் நாளே சலித்துவிடும். ப்ரூஜில் சைவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பெல்ஜியத்தில் பல கடைகளில் உருளை வறுவலை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள்.

எப்போது போவது? ஏப்ரல், மே, செப்டம்பர் மூன்றுக்கும் பொருந்தும். ஆம்ஸ்டர்டாம் பக்கத்துக் கொய்கன்ஹோஃப் துலிப் தோட்டம் மார்ச் பிற்பகுதியில் திறந்து மே நடுவில் மூடிவிடும். ஜூலை, ஆகஸ்டில் வெனிஸ் வேண்டவே வேண்டாம், வெக்கை, கொசு, கூட்டம். இலையுதிர் காலத்து வெள்ளத்துக்கு இப்போது முன்போல் பயப்பட வேண்டியதில்லை. 2020 அக்டோபர் முதல் மோசே தடுப்பு மதகுகள் வேலை செய்கின்றன. வெனிஸில் பகல் பயணிகளுக்கான நுழைவுக் கட்டணம் 2024 இல் 29 நாட்களுக்கு இருந்தது, 2025 இல் 54 நாட்கள். வெனிஸ் நகராட்சிக்குள் இரவு தங்குகிறவர்களும் 14 வயதுக்கு உட்பட்டவர்களும் கட்ட வேண்டாம். தங்குகிறவர்கள் விலக்குக்கு இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதே நகராட்சியின் கரைப்பகுதியான மேஸ்த்ரேயில் தங்கினாலும் இந்த விலக்கு உண்டு, ஆனாலும் மலிவு என்று அங்கே விடுதிகளில் இருந்துகொண்டு பகலில் வந்து போகாதீர்கள் என்கிறேன். அதிகாலையிலும் இரவிலும் கூட்டமில்லாத சந்துகளில் நடப்பதுதான் வெனிஸ். அந்த நேரத்தில் ஊருக்குள் இல்லையென்றால் பாதிப் பயணம் போச்சு.

என் தேர்வு: ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் நடக்கக்கூடிய பிள்ளைகள் என்றால் யோசிக்காமல் வெனிஸ், செலவு கூடினாலும். கைக்குழந்தையும் பாட்டியும் ஒன்றாக வருகிறார்கள், அல்லது கூட வருபவர்கள் பதின்ம வயதினர் என்றால் ஆம்ஸ்டர்டாம். லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்கு வந்தவர்கள் இடையில் இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் ப்ரூஜ். பிரஸ்ஸல்ஸ் வரை யூரோஸ்டார் அதிவேக ரயில், அங்கிருந்து ஒரு மணி நேர ரயில்.

மூன்று நாளில் இரண்டு ஊரைத் திணிக்க வேண்டாம். ஐந்து நாள் கிடைத்தால் ஆம்ஸ்டர்டாமையும் ப்ரூஜையும் ரயிலில் சேர்த்துவிடலாம். அப்போது இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினோரு வயது வரை 45, அதற்குக் கீழ் இலவசம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் ஜனவரியிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.