எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த அல்ட்ராசோனிக் டூல் ஹோல்டர்

அலுமினா என்கிற செராமிக் தகட்டில் ஓட்டை போட்டவர்களுக்குத் தெரியும். மேலே எவ்வளவு சுத்தமாக இறங்கினாலும், பாஸா ரிஜெக்டா என்பது கீழ்ப்பக்கத்தில்தான் முடிவாகும். டிரில் வெளியே வரும் அந்தக் கடைசி அரை மில்லிமீட்டரில் ஓரம் சில்லாகப் பெயர்ந்துகொண்டு வந்துவிடும்.

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். பதினெட்டு வருடமாக இரும்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும்தான் ஓட்டினோம். போன வருடம் வேக்கம் ஃபர்னஸ் செய்கிறவர் ஒருவர் செராமிக் வேலை கொடுத்தார். 99.5 சதவீத அலுமினா, 8 மில்லிமீட்டர் கனம், தகட்டுக்கு 4 மில்லிமீட்டரில் பன்னிரண்டு ஓட்டை. சாதாரண டயமண்ட் கோர் டிரிலில் (வைரத்துகள் பதித்த, குழாய் மாதிரியான டிரில்) முதல் நாற்பது தகடு போட்டோம், பதிமூன்று போச்சு. பதினோரு ஓட்டை நன்றாக வந்து பன்னிரண்டாவதில் ஓரம் பெயர்ந்தாலும் மொத்தத் தகடும் குப்பைக்குத்தான். சின்டர் ஆன, அதாவது சூளையில் சுட்டு இறுகிய பிறகு அதை ஒட்டவும் முடியாது, நிரப்பவும் முடியாது. அதற்காகத்தான் இந்த அல்ட்ராசோனிக் கிட்டை வாங்கினேன்.

பெட்டியில் வருவது மூன்று சாமான். டிரில்லைப் பிடிக்கும் பிடி40 அளவு டூல் ஹோல்டர், அதைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மூக்கில் மாட்டும் காயில், அந்தக் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு ஜெனரேட்டர். காயிலிலிருந்து ஹோல்டருக்குக் கம்பி இல்லாமலே கரண்ட் போகிறது. ஹோல்டருக்குள் இருக்கும் பீசோ வில்லைகள் அந்தக் கரண்டை அதிர்வாக மாற்றி, டிரில்லை மேலும் கீழுமாக நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் ஆட்டுகின்றன. ஆட்டம் சில மைக்ரான்தான், கண்ணுக்குத் தெரியாது. 6,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு நூறு சுற்று. அப்படியானால் ஒரு சுற்று முடிவதற்குள் டிரில் இருநூறு தடவை தட்டிவிடுகிறது. வைரத்துகள் தொடர்ந்து அழுத்தித் தேய்ப்பதற்குப் பதிலாகத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. விலகும் நேரத்தில் கூலண்ட் உள்ளே போகிறது, மாவு வெளியே வருகிறது. அதனால் கீழ்நோக்கிய அழுத்தம் குறைகிறது. இந்த அழுத்தம்தான் விஷயமே. ஓட்டையின் அடியில் மெல்லிய படலம் மிஞ்சும்போது, வைரம் அதை வெட்டி முடிக்கும் முன்பே அழுத்தம் அதைத் தள்ளி உடைத்துவிடும். ஓரம் பெயர்வது அப்படித்தான்.

விற்க வந்தவர் இதைப் புத்தம் புதிய டெக்னாலஜி என்றார். அது சரியில்லை. சுழலும் வைர டூலோடு இந்த அதிர்வைச் சேர்ப்பதை இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி நிலையத்தில் 1960-களிலேயே செய்துவிட்டார்கள். நம் மாதிரி சின்னக் கடைகளில் ஏற்கெனவே இருக்கும் விஎம்சியிலேயே (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் எனக்குப் புதிது.

முதல் நாள் ஆன் செய்ததும் என் ஆபரேட்டர் தம்பி, "அண்ணா, சத்தமே வரலீங்க, ஓடுதுங்களா?" என்று கேட்டான். சத்தம் வரக்கூடாது. அந்த அதிர்வெண் காதுக்கு எட்டாது. கீச்சென்று கேட்டால் நட்டு லூஸ் என்று அர்த்தம். ஓடுகிறதா என்று பார்க்க டூல் முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் போதும். டியூன் சரியாக இருந்தால், அதாவது ஜெனரேட்டரின் அதிர்வெண் டூலின் இயல்பான அதிர்வெண்ணோடு பொருந்தியிருந்தால், சொட்டு அந்த நொடியே புகையாகச் சிதறும். தண்ணீர் முனையிலேயே நடுங்கிக்கொண்டு நின்றால் டியூன் ஆகவில்லை. ஜெனரேட்டர் திரையில் காட்டும் நம்பரைவிட நான் இந்தச் சொட்டைத்தான் நம்புகிறேன். விரலால் மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும்.

பலன் என்ன? அதே தகடு, அதே 4 மில்லிமீட்டர். முன்பு நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஃபீட் கொடுக்க, அதாவது டிரில்லை இறக்க, பயப்படுவோம். இப்போது மூன்று தாராளமாகப் போகிறது. கீழ் ஓரத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பெயர்ந்தது இப்போது 0.2-க்குள் நிற்கிறது. அடியில் ஒரு கண்ணாடித் தகட்டை மெழுகில் ஒட்டி, டிரில் அந்தக் கண்ணாடிக்குள் இறங்குகிற மாதிரி வைத்தால் இன்னும் சுத்தம். இது பழைய கைமுறை, அதிர்வு வந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. இன்னொரு நிம்மதி, டிரிலுக்குள் சிக்கும் குச்சி. கோர் டிரில்லில் வெட்டுப்பட்ட நடுத்துண்டு உள்ளேயே இறுகிக்கொள்ளும், அதைக் குத்தி எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும். இப்போது அதிர்விலும் உள்வழியாக வரும் கூலண்ட் அழுத்தத்திலும் தானாக விழுந்துவிடுகிறது.

இனி குறைகள். காயிலுக்கும் ஹோல்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்குள் இடைவெளி இருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த பிராக்கெட் என் மெஷினுக்கு உட்காரவே இல்லை. மூன்று வாரம் போன் செய்து பார்த்தேன், பதில் வரவில்லை. கடைசியில் நானே ஒரு பிராக்கெட் மில் செய்து மாட்டினேன். ஆறு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிறவருக்கு இது நடக்கக் கூடாது. காயில் இருப்பதால் டூலைத் தானாக மாற்றும் ஏடிசி ஆர்ம் இடிக்கிறது, அதனால் இந்த ஹோல்டரைக் கையால்தான் மாற்றுகிறோம். மேனுவலில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் டூலின் நீளம். டிரில்லை ஐந்து மில்லிமீட்டர் அதிகம் நீட்டிப் பிடித்தால் ரெசொனன்ஸ், அதாவது டூலின் இயல்பான அதிர்வெண், எங்கேயோ போய்விடுகிறது, ஜெனரேட்டர் தேடித் தேடி எரர் காட்டுகிறது. இப்போது ஒவ்வொரு டூலுக்கும் எவ்வளவு நீட்ட வேண்டும், நட்டை எத்தனை டார்க்கில் இறுக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி மெஷின் கதவில் தொங்கவிட்டிருக்கிறோம்.

அப்புறம் அலுமினா மாவு. அது கூலண்டோடு சுற்றி வந்து மெஷின் மேஜை நகரும் தடமான கைடுவேயைத் தின்றுவிடும். கிட் வாங்கும் பணத்தோடு ஃபில்டருக்கும் தனி டேங்குக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். நான் இரண்டு மாதம் தாமதித்தேன், அந்தத் தடத்தைத் துடைக்கும் ஒய் அச்சு வைப்பரை மாற்ற வேண்டி வந்தது.

எல்லா வேலைக்கும் இது தேவையில்லை. சிலிக்கன் கார்பைடு என்கிற இன்னொரு செராமிக்கில் ஒரு சீல் ரிங்கின் முகத்தை இதில் கிரைண்டிங் செய்து பார்த்தேன். மேலிருந்து தட்டுவதால் ஃபினிஷ் இன்னும் கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் வந்தது, அதைப் பழையபடி சர்ஃபேஸ் கிரைண்டருக்கே அனுப்பிவிட்டேன். அதே ரிங்கின் உள்சுவரைப் பக்கவாட்டில் தேய்த்தபோது மட்டும் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வழவழப்பாக வந்தது. சிர்கோனியா என்கிற செராமிக்கில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது சுபாவத்திலேயே கெட்டியாகத் தாங்கும், ஓரம் அவ்வளவு பெயராது.

மாதத்துக்கு இருநூறு ஓட்டைக்குக் கீழே என்றால் வாங்க வேண்டாம், ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுத்துவிடுங்கள். அலுமினாவில் சின்ன ஓட்டையும் மெல்லிய சுவரும் தொடர்ந்து வருகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் பணம் கட்டும் முன்பே ஆளை வரவழைத்து, உங்கள் மெஷினில், உங்கள் தகட்டில் ஓட்டை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

போன வாரம் அனுப்பிய நாற்பது தகட்டில் இரண்டு திரும்பி வந்தது. இரண்டுமே சனிக்கிழமை சாயந்திரம் டிரெஸ்ஸிங் செய்யாத, அதாவது மழுங்கிய வைர முனையைத் தீட்டாத டிரில்லில் போட்டவை.