கொக்குவில் விறாந்தையில் ஒரு ஆங்கில வாசிப்பு வகுப்பு: சாட் பரீட்சைக்கு நாலரை மாதம் போய்வந்த அனுபவம்

தங்கச்சி ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதி முடித்த கையோடு, அமெரிக்காவில் உதவித்தொகை தருகிற கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், அதற்கு சாட் பரீட்சை எழுதவேணும் என்று சொன்னாள். அவள் கணிதப் பிரிவு, தமிழ் மொழிமூலம். வீட்டில் இருந்து எடுத்த முதல் மாதிரிப் பரீட்சையில் கணிதத்துக்கு 720, ஆங்கில வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதிக்கு 470. இரண்டும் தனித்தனியே 800க்கு. அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏ.எல்லில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறதுதான், ஆனால் அது பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற இசட் புள்ளியில் சேராது, மூன்று பிரதான பாடங்களுக்கே நேரம் காணாமல் ரியூட்டரிக்கும் வீட்டுக்கும் சைக்கிள் ஓடுகிற பிள்ளை புள்ளியில் சேராத பாடத்துக்கு எங்கே மினக்கெடும்? பள்ளிக்கூடத்தில் செய்த கிரகித்தல் பயிற்சியில் கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடி, அந்த வசனத்தை அப்படியே பார்த்து எழுதினால் புள்ளி வந்துவிடும். சாட் அப்படியில்லை.

முதலில் பணம் கொடுத்து ஒரு ஒன்லைன் வகுப்பில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். ஆறு கிழமை போனது. அங்கே சொல்லிக்கொடுத்தது எல்லாம் குறுக்குவழி: பந்தியை வாசிக்காதே, கேள்வியை முதலில் பார், ஒவ்வொரு பந்தியிலும் முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் மேய்ந்துவிட்டு விடைக்குப் போ. அதைவிடப் பெரிய பிரச்சினை, அவர்கள் கொடுத்த பயிற்சி முழுக்கப் பழைய கடதாசிப் பரீட்சைக்கானது, 500 முதல் 750 சொற்கள் வரை நீளும் பந்தி, ஒரு பந்திக்குப் பத்துப் பதினொரு கேள்வி. 2023 இலிருந்து அமெரிக்காவுக்கு வெளியே சாட் கணினியில்தான் நடக்கிறது. இப்போது பந்திகள் 25 முதல் 150 சொற்கள்தான், ஒரு பந்திக்கு ஒரே ஒரு கேள்வி. நாலு வசனத்தில் முதலையும் கடைசியையும் மட்டும் வாசித்துவிட்டு நடுவில் உள்ளதை விட்டால் விடை அந்த நடுவில்தான் இருக்கும். ஆறு கிழமைக்குப் பிறகும் அவளுக்கு 480.

அப்போதுதான் அம்மாவோடு வேலை செய்கிற ஒருவர் இந்த வகுப்பைச் சொன்னார். கொக்குவிலில் கே.கே.எஸ். வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கை, பழைய நாற்சார் வீடு, விறாந்தையில் மூன்று வாங்கு, ஒரு வெள்ளைப் பலகை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் நடத்துகிறார். ஒரு தொகுதிக்கு ஒன்பது பிள்ளைகள், கிழமையில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம், மாதம் 6000 ரூபா. பெயர்ப் பலகை கிடையாது.

முதல் நாள் நானும் கூடப் போய்ப் பின்வாங்கில் இருந்தேன். ரீச்சர் எட்டு வரிப் பந்தி ஒன்றைக் கொடுத்தார். கேள்வி இல்லை, விடைகளும் இல்லை, பந்தி மட்டும். தங்கச்சி வாசித்து முடித்ததும், "பிள்ளை, இப்ப இங்கிலீசை விடு, இதிலை என்ன சொல்லியிருக்கெண்டு தமிழிலை ஒரு வசனத்திலை சொல்லு பாப்பம்" என்றார். அவளால் முடியவில்லை. சொற்கள் எல்லாம் தெரியும் ரீச்சர் என்றாள். "சொல்லுத் தெரியுது, ஆர் என்ன செய்தது எண்டு தெரியேல்லை, அவ்வளவுதான், பயப்பிடாதை" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரம் சொன்னாள். சரியாகச் சொன்னாள்.

நாலரை மாதமும் இதுதான் நடந்தது. பந்தியை வாசி, தமிழில் ஒரு வசனத்தில் சொல், பிறகுதான் கேள்வி, பிறகுதான் நாலு விடை. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே யோசிக்கவேணும், தமிழில் மாற்றிப் பார்த்தால் உருப்படாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டுவந்த எனக்கு முதலில் இது பிடிக்கவில்லை, கேட்டும் விட்டேன். ரீச்சர் மானிப்பாயைக் காட்டினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் எங்கள் ஆட்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர், அதற்காக ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினவர். அவர் பெயரில் வைத்தியசாலை இன்றைக்கும் மானிப்பாயில் இருக்கிறது. "நரம்பு, எலும்பு எல்லாத்தையும் தமிழிலை விளங்கப்படுத்தினவை, உங்களுக்கு எட்டு வரிப் பந்தியைத் தமிழிலை சொல்லேலாதோ?" என்றார். ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்க்கச் சொல்லவில்லை, விளங்கியதா என்று பார்க்கத்தான் தமிழ், விளங்காததைத் தமிழில் சொல்லவே வராது என்றார். நாலரை மாதம் பார்த்த பிறகு நானும் அதை ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. தமிழில் வினை கடைசியில் வரும், "நேற்று வந்த பெடியன்" என்று அடை முன்னுக்கு நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயைச் சொல்லிவிட்டு, ஒரு காற்புள்ளி போட்டு, அந்த ஆளைப் பற்றி இரண்டு வரி கதை சொல்லி, இன்னொரு காற்புள்ளி போட்ட பிறகுதான் வினை வரும். அதற்குள் பிள்ளைக்கு எழுவாய் மறந்துபோகும். ரீச்சர் இரண்டு காற்புள்ளிக்கு நடுவில் இருப்பதை விரலால் மூடச் சொல்வார். மூடிவிட்டு வாசித்தால் வசனம் பளிச்சென்று நிற்கும், பிறகு விரலை எடுத்து மூடினதையும் வாசி என்பார். தங்கச்சி இப்போது பேப்பர் வாசிக்கும்போதும் விரல் தானாகப் போகிறது.

சின்னச் சொற்களில் அவர் மினக்கெடுகிற அளவுக்கு வேறு யாரும் மினக்கெட்டு நான் பார்க்கவில்லை. "ஃபியூ" என்று தனியே வந்தால் கிட்டத்தட்ட ஒருவரும் இல்லை என்ற தொனி, "எ ஃபியூ" என்றால் சிலர் இருக்கிறார்கள். தமிழில் அந்த "எ" கிடையாது, அதனால் எங்கள் கண் அதைத் தாண்டிவிடும், தாண்டினால் பந்தியின் கருத்தே மாறிவிடும். தங்கச்சி இந்த ஒரு இடத்தில் மட்டும் முதல் மாதம் நாலைந்து தரம் விழுந்தாள். அதேபோல, தெரிந்த சொல் தெரியாத பொருளில் வருகிற கேள்விகள். கொம்பவுண்ட் என்றால் இரசாயனவியலில் சேர்வை என்று படித்த பிள்ளை, அதே சொல் ஒரு பிரச்சினையை இன்னும் மோசமாக்கியது என்ற பொருளில் வரும்போது திகைத்துப்போகும். குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது என்று தெரியும், ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு அதற்கு எல்லை போடுவது என்றும் ஒரு பொருள் இருக்கிறது, அந்த இரண்டாவது பொருள்தான் சாட்டில் வரப் பார்க்கும். இப்படியானவற்றுக்கு ரீச்சர் ஒரு கொப்பி வைக்கச் சொன்னார், சொல், அது வந்த முழு வசனம், அந்த இடத்தில் அதற்கு உரிய தமிழ். வெறும் சொல்லும் பொருளும் எழுதிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்.

பிழையான விடைகளுக்கு அவர் வைத்திருக்கிற பெயர்கள் எனக்கு மிகவும் பிடித்தது. கண்டல் காடுகளைப் பற்றி ஒரு பயிற்சிப் பந்தி: சில களப்புகளில் கண்டல் நட்ட பிறகு மீன்குஞ்சுகள் கூடின, ஆனால் அதற்குக் கண்டல்தான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விடைகளில் ஒன்று, கண்டல் நட்டால் எங்கும் மீன் பெருகும் என்றது. அது "கூடக் கதைக்கிறது". இன்னொன்று, கண்டல் வேர்கள் கரையரிப்பைக் குறைக்கும் என்றது, உலகத்தில் உண்மைதான், ஆனால் பந்தியில் இல்லை, அது "வேறை வீட்டுக் கதை". மூன்றாவது மீன்குஞ்சு குறைந்ததாகச் சொன்னது, அது "தலைகீழ்". இந்த மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது விடை. அனேகமாக மிகவும் அடக்கமாகப் பேசுகிற விடைதான் சரியாக இருக்கும் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு "வேறை வீட்டுக் கதை"தான் பெரிய பொறி, ஏனென்றால் பாடசாலையில் படித்த அறிவு விடையில் வந்து நின்றால் கை தானாக அதற்குப் போகும்.

கவிதை வருகிற நாட்களில் கேள்வித்தாளே இல்லை. சாட்டில் பழைய ஆங்கிலக் கவிதைத் துண்டுகளும் கதைத் துண்டுகளும் வரும், கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அதைக் கண்டாலே கை கால் ஓடாது. ரீச்சர் சத்தமாக வாசிப்பார், பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கவேணும், வரி முடிகிற இடத்தில் நிற்காமல் வசனம் முடிகிற இடத்தில் நின்று. தேவாரத்தைப் பதம் பிரித்து வாசிக்கிற மாதிரித்தான் என்றார். அந்த ஒரு பேச்சில் தங்கச்சிக்குக் கவிதைப் பயம் பாதி போய்விட்டது.

இனிக் குறைகள். நேரம் வைத்துச் செய்கிற பயிற்சி மிகவும் பிந்தித்தான் தொடங்குகிறது. உண்மையான பரீட்சையில் இந்தப் பகுதிக்கு 54 கேள்வி, 64 நிமிடம், 27 கேள்வியும் 32 நிமிடமுமாக இரண்டு துண்டு. ஒரு கேள்விக்குச் சராசரி 71 செக்கன். முதல் துண்டை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது துண்டு கடினமாகவோ இலகுவாகவோ வரும், இலகுவானது வந்தால் எடுக்கக்கூடிய புள்ளியும் குறைந்துவிடும். அப்படியான பரீட்சைக்கு மூன்றரை மாதம் மணிக்கூடு பார்க்காமல் படித்த தங்கச்சி, முதல் முழுப் பயிற்சியில் ஏழு கேள்வியைத் தொடாமலே விட்டாள். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை, குருட்டாம்போக்கிலாவது ஏதோ ஒரு விடையைத் தெரிவுசெய்துவிட்டு வந்திருக்கலாம், அதைக்கூட வகுப்பில் முதலே சொல்லியிருக்கவில்லை. ஆறுதலாக வாசிக்கப் பழகினால் கெதி தானாக வரும் என்பது ரீச்சரின் நம்பிக்கை. வந்தது, ஆனால் கடைசி மாதம் வீட்டில் எல்லாருக்கும் நெஞ்சிடி.

மற்றது, எல்லாம் கடதாசியில். பரீட்சையோ திரையில். விரலால் மூடப் பழகின பிள்ளைக்குத் திரையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. இலக்கணக் கேள்விகளும், அரைப்புள்ளி, முக்காற்புள்ளி எங்கே வரும் என்பது போன்றவை, வகுப்பில் மேலோட்டமாகத்தான் போயின. இந்தப் பகுதியில் கிட்டத்தட்ட கால்வாசி இலக்கணம், அதை விடமுடியாது.

இந்த இரண்டு ஓட்டையையும் அடைத்தது காசில்லாத இரண்டு விசயம். சாட்டை நடத்துகிற கொலேஜ் போர்ட்டின் புளூபுக் செயலியில்தான் பரீட்சையே நடக்கும், அதற்குள்ளேயே முழு மாதிரிப் பரீட்சைகளும் இருக்கின்றன. வசனத்தில் நிறம் பூசலாம், வேண்டாத விடையைக் கோடு போட்டு வெட்டலாம், சந்தேகமான கேள்வியைக் குறித்துவைத்துவிட்டுத் திரும்பி வரலாம். விரலுக்குப் பதில் தங்கச்சி நிறம் பூசப் பழகினாள். போனில் ஓடாது, லப்டொப் அல்லது ஐபாட் வேண்டும், நாங்கள் மாமா வீட்டு லப்டொப்பை இரண்டு மாதம் இரவல் வாங்கினோம். பரீட்சை நடுவில் இணையம் அறுந்தாலும் தொடர்ந்து எழுதலாம், தொடங்கவும் முடிவில் விடைகளை அனுப்பவும்தான் இணையம் வேணும் என்று அறிந்தபோது அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. இலக்கணத்துக்குக் கான் அகடமி. அங்கே சாட்டுக்கென்றே பாடங்கள் இருக்கின்றன, தலைப்புத் தலைப்பாகப் பிரித்து, இலவசமாக. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு தலைப்பு என்று அவள் செய்தாள், அரைப்புள்ளியை அங்கேதான் பிடித்தாள்.

ஆனால் புளூபுக்கும் கான் அகடமியும் முதலிலிருந்தே எங்களிடம் இருந்தன, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அவள் 480ஐத் தாண்டவில்லை. பிழை என்று திரை காட்டும், ஏன் பிழை என்றும் ஆங்கிலத்தில் விளக்கம் வரும், அந்த விளக்கத்தை வாசித்து விளங்குகிற பிள்ளை என்றால் முதலிலேயே சரியாகச் செய்திருக்கும். இடையில் நின்று "ஆர் என்ன செய்தது?" என்று தமிழில் கேட்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

கொழும்புக்குப் போய் எழுதினாள். வாசிப்பும் எழுத்தும் 630. கவிதைக் கேள்வி இரண்டு வந்ததாம், இரண்டையும் உதடு அசைத்து வாசித்தாளாம்.

யாருக்கு இந்த வகுப்பு சரிவரும் என்று கேட்டால், பரீட்சைக்கு நாலு மாதமாவது இருக்கிற, தமிழில் படித்த பிள்ளைக்கு. ஒரு மாதத்தில் புள்ளி ஏறவேணும் என்றால் போகவேண்டாம், முதல் மாதம் புள்ளி அசையவே அசையாது, எங்களுக்கும் அசையவில்லை. ஐஇஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு ஞாயிறு காலை தனியாக நடக்கிறது. அந்தப் பரீட்சையின் வாசிப்புப் பகுதியில் மூன்று நீளப் பந்தி, 40 கேள்வி, ஒரு மணித்தியாலம், அதில் "நொட் கிவன்" (பந்தியில் சொல்லவில்லை) என்ற விடை படுத்துகிற பாட்டுக்கு இந்த "வேறை வீட்டுக் கதை" பழக்கம் உதவும் என்று அந்த வகுப்புப் பிள்ளை ஒன்று சொன்னது.

போகிறவர்கள் நாலு மணிக்கு முதல் போய்விடுங்கள், பிந்தினால் படலைக்கு வெளியே நிற்கவேண்டிவரும். வீட்டில் லப்டொப் இல்லாவிட்டால் முதல் கிழமையிலேயே யாரிடமாவது கேட்டுவையுங்கள், கடைசி மாதம் வரை விடவேண்டாம். நேரம் வைத்துச் செய்கிற பயிற்சியை இரண்டாம் மாதத்திலிருந்தே கிழமைக்கு ஒரு துண்டாவது வீட்டில் செய்யுங்கள், ரீச்சரிடம் சொன்னால் அவர் மறுக்கமாட்டார், தங்கச்சி கேட்காமல் விட்டதுதான். கொப்பி 120 பக்கம் காணாது, 200 பக்கமாக வாங்குங்கள்.