கிளைண்ட்போர்ன் ஓபரா விழா: ஒரு முழு நாளை ஒதுக்கிவிட்டுப் போங்கள்

இங்கிலாந்தில் லூயிஸ் ஊரை ஒட்டியுள்ள கிளைண்ட்போர்ன் மாளிகைக்கு, ஒரு மாலைக் காட்சிதானே என்று கிளம்புகிறவர்களுக்குப் பாதி அனுபவம்தான் கிடைக்கும். இங்கே இடைவேளை மட்டும் சுமார் 90 நிமிடம். அந்த நேரத்தில் எல்லோரும் புல்வெளியில் விரிப்பு விரித்துச் சாப்பிடுகிறார்கள். ஏரிக்கரையும், தோட்டத்துக்கு அப்பால் மேயும் ஆடுகளும் கண்ணெதிரே.

ஜான் கிறிஸ்டியும் அவர் மனைவி, சொப்ரானோ (உச்சக் குரல்) பாடகி ஆட்ரி மில்ட்மேயும் வீட்டோடு சேர்த்துக் கட்டிய சிறிய அரங்கில், 1934 மே 28 அன்று முதல் ஓபரா, அதாவது முழுக்கப் பாடி நடிக்கும் இசை நாடகம், நடந்தது. மொத்சார்ட்டின் அந்த 'ஃபிகாரோ'வில் சூசன்னாவாகப் பாடியவர் ஆட்ரியேதான். போர்க்காலத்தில் மாளிகை லண்டன் குழந்தைகளுக்குப் புகலிடமானது. 1946இல் மறுபடி திரை விலகியபோது, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் புதிய ஓபராவில் லுக்ரீஷியாவாக நின்றவர் பாடகி கேத்லீன் ஃபெரியர். 1953 மே மாதம் ஆட்ரி காலமானார், அக்டோபரில் ஃபெரியரும். கிறிஸ்டி தம்பதியின் மகன் ஜார்ஜ் விழாவைத் தொடர்ந்தார். பழைய அரங்கை இடித்துப் புதியதைக் கட்டி, 1994இல் அதே மே 28 அன்று, அதே 'ஃபிகாரோ'வோடு திறந்தார். இது தெரிந்து உள்ளே போனால் அந்தச் செங்கல் சுவர்கள் வேறுவிதமாகப் பேசும்.

இப்போது சுமார் 1,200 இருக்கைகள், குதிரைலாட வடிவம், உள்ளே பழைய பைன் மரம். ஒலி அபாரம், மெல்லப் பாடினாலும் சொல் தெளிவாக வந்து சேர்கிறது. மேல்தளத்தின் ஓர இருக்கைகளில் மேடையின் ஒரு பக்கம் மறையலாம் என்பதால், விலை குறைவு என்று அவசரப்படாமல் இருக்கை வரைபடத்தைப் பாருங்கள்.

லண்டன் விக்டோரியாவிலிருந்து லூயிஸுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து செல்லும் பேருந்துக்கும் முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிடுங்கள். ஒரு ரயில் தவறினாலும் சிக்கல்தான். திரை விலகிய பின் வருகிறவர்களை நினைத்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய், விரிப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டு அரங்குக்குள் நுழைவதுதான் சரி. ஆறினாலும் சுவை கெடாத உணவாக எடுத்துச் செல்லுங்கள். நீள்கவுனும் கறுப்பு சூட்டும் கட்டாயமில்லை, ஆனால் பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். கூரான குதிகால் செருப்பு புல்லில் புதையும். ஜூலையிலும் குன்றுக் காற்று சில்லென்று இறங்கும். கனமான சால்வை ஒன்று கட்டாயம் வேண்டும்.