ஆஸ்திரேலியா போகிற வழியில் ஒரு நாள்: சிங்கப்பூரா, கோலாலம்பூரா?

சென்னையிலிருந்து சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ கிளம்பும் ஜோடி, வழியில் ஒரு நாள் இறங்கி ஊர் சுற்றிவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் முதலில் வரும் சண்டை இதுதான். எந்த ஊர் அழகு என்று பேச ஆரம்பித்தால் அது முடியாது. விமானம் எப்போது இறங்குகிறது, மறுபடி எப்போது கிளம்புகிறது, அதைப் பாருங்கள் போதும்.

மாலை இறங்கி மறுநாள் மதியம் கிளம்புகிறீர்களா? யோசிக்கவே வேண்டாம், சிங்கப்பூர். சாங்கி விமான நிலையத்திலிருந்து மரீனா பே டாக்ஸியில் அரை மணி நேரத்துக்குள், எம்ஆர்டி மெட்ரோ ரயில் என்றாலும் முக்கால் மணி நேரம். 7.45க்கு கார்டன்ஸ் பை த பேயில் சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சி (தரையில் மல்லாந்து படுத்துப் பாருங்கள், எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்), அங்கிருந்து நடந்தே மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னால் வந்தால் 9 மணிக்குத் தண்ணீர்க் காட்சி, அப்புறம் லாவ் பா சாட் உணவுச் சந்தை பக்கத்தில் சாலையை அடைத்து மேசை போட்டிருக்கும் சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) கடைகள். மறுநாள் விமானத்துக்கு முன்னால், விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் மாலில் 40 மீட்டர் அருவி. இதில் சாத்தேவுக்கு மட்டும்தான் காசு.

இடிப்பது அறை வாடகை. மரீனா பே சாண்ட்ஸின் 57ஆவது மாடி நீச்சல்குளம் அங்கே தங்குபவர்களுக்கு மட்டும்தான், தூங்கி எழுவதற்குள் கிளம்ப வேண்டிய ஓர் இரவுக்கு அவ்வளவு கொடுப்பது என் கணக்கில் வீண். லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் வாடகை குறையும். ஆனால் அங்கே இருக்கும் முஸ்தபா என்ற பெரிய கடைக்குள் மட்டும் நுழையாதீர்கள், பாதி இரவு அங்கேயே போய்விடும்.

கோலாலம்பூரில் கதை தலைகீழ். விமான நிலையம் சிப்பாங்கில், ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடத்தில் ஊருக்குள் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் விட்டுவிடும்தான், ஆனால் தலைக்கு 55 ரிங்கிட். இரண்டு பேர் என்றால் பல நேரம் கிராப் (ஆப்பில் பிடிக்கும் டாக்ஸி) மலிவு, சாயங்கால நெரிசலில் மாட்டினால் போச்சு. அதனால் ஓர் இரவுக்கு இது சரிப்படாது, இரண்டு இரவு இருந்தால்தான் லாபம். அப்போது சிங்கப்பூரில் சுமாரான அறைக்குக் கொடுக்கும் பணத்துக்கு இங்கே இரட்டைக் கோபுரம் தெரியும் நல்ல ஹோட்டலே கிடைக்கும். தேனிலவுக்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். காலையிலேயே பத்துமலை முருகன் கோயில், 272 படி, வெயில் ஏறுவதற்கு முன் இறங்கிவிடுங்கள், கையில் தின்பண்டம் வைத்திருந்தால் குரங்கு விடாது. மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. மழை பிடித்துக்கொண்டால் இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசியிலிருந்து கடைவீதியான புக்கிட் பிந்தாங் வரை ஏசி நடைபாலமே இருக்கிறது, இரவு ஜாலான் ஆலோர் உணவுத் தெரு. இரட்டைக் கோபுரத்தின் 41ஆவது மாடிப் பாலத்துக்கு ஏற வேண்டுமென்றால் முன்பதிவு செய்யுங்கள், திங்கட்கிழமை மூடியிருக்கும்.

விசா விஷயத்தில் மலேசியா சுலபம்: 2023 டிசம்பரிலிருந்து இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், ஆனால் செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய விசாவும் அடுத்த விமான டிக்கெட்டும் இருந்தால் 96 மணி நேர டிரான்சிட் சலுகையில் வெளியே வரலாம். இரண்டு ஊருக்குமே வருகைப் படிவத்தை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். பெட்டியை நேராக ஆஸ்திரேலியாவுக்குப் போட்டுவிட்டால் மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும்.