லங்காஸ்டரா, லிபரேட்டரா? டர்பன் கடற்காற்றில் நான்கு எஞ்சின் மாடல்

நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தைப் பிளாஸ்டிக் மாடலாக முதன்முதலாகக் கட்டப் போகிறவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில் இருந்தால், யோசனை கடைசியில் இரண்டில் வந்து நிற்கும். ஒன்று பிரிட்டனின் ஆவ்ரோ லங்காஸ்டர், மற்றது அமெரிக்காவின் பி-24 லிபரேட்டர். இரண்டுக்குமே இந்த நாட்டோடு உறவு உண்டு. 1944 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இத்தாலியின் ஃபோஜா பகுதியிலிருந்து கிளம்பி, எழுச்சியில் முற்றுகைப்பட்டிருந்த வார்சாவுக்கு ஆயுதமும் உணவும் போட்டுவிட்டு வந்தவற்றில் தென்னாப்பிரிக்க விமானப்படையின் 31, 34 ஆம் ஸ்குவாட்ரன்களின் லிபரேட்டர்களும் உண்டு. லங்காஸ்டர் ஓட்டி பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர்களில் இருவர் நேட்டாலில் பிறந்தவர்கள்: நொங்கோமாவின் ஜான் நெட்டில்டன், இனாண்டாவின் எட்வின் ஸ்வேல்ஸ்.

சுற்றி வளைக்காமல் சொன்னால், முதல் பெரிய மாடலுக்கு லங்காஸ்டர்தான் சரி. லிபரேட்டர் தரம் குறைந்தது என்று பொருளில்லை. கட்டி முடித்த பிறகு பல வருடம் அலமாரியில் நிற்க வேண்டுமே, அந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

அளவில் பெரிய வேறுபாடு இல்லை. 1/72 அளவில், அதாவது நிஜத்தின் 72-ல் ஒரு பங்கில், லங்காஸ்டரின் இறக்கை 43 செ.மீ., லிபரேட்டருடையது 46.5 செ.மீ. 1/48-க்குப் போனால் 65, 70 என்று ஆகிவிடும். சாதாரண வீட்டு அலமாரி தாங்காது. ஆகவே கீழே சொல்வதெல்லாம் 1/72-க்கு. கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) விஷயத்தில் லங்காஸ்டருக்கு ஏர்ஃபிக்ஸின் புது அச்சும், லிபரேட்டருக்கு ஹாசெகாவாவும் நல்லவை. விலையை இங்கே எழுதினால் ராண்டின் போக்கில் அடுத்த மாதமே மாறிவிடும்.

இனி நிற்கும் விஷயத்துக்கு வருவோம். லங்காஸ்டர் வால் சக்கரம் உள்ள விமானம். மூன்று சக்கரத்தில் ஒன்று வாலில் இருப்பதால் எடை பின்னால் சாய்ந்தாலும் கவலையில்லை, அப்படித்தான் அது நிற்க வேண்டும். லிபரேட்டருக்கு மூன்றாவது சக்கரம் மூக்கில் இருக்கிறது. நிஜ விமானத்தில் எஞ்சின்களின் கனமே அதை முன்னால் அழுத்திவிடும். மாடலில் எஞ்சின் உள்ளே வெறும் காற்று. பின்னால் நீண்ட உடல், அகலமான வால் இறக்கை, இரட்டைச் சுக்கான், வால் டரட் (சுழலும் துப்பாக்கிக் கூண்டு). மூக்கில் எடை வைக்காவிட்டால் முன் சக்கரம் தரையைத் தொடவே தொடாது, வால் போய்த் தரையில் உட்காரும்.

எவ்வளவு எடை என்பதைப் பசை தொடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். உடலின் இரு பாதி, இறக்கை, வால், எஞ்சின் கூடு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் கட்டிக்கொள்ளுங்கள். டரட் போன்ற சின்னப் பாகங்களைப் பிரெஸ்டிக்கில் (ஒட்டிப் பிரிக்கக்கூடிய மெழுகு போன்ற பசை) ஒட்டி அதனதன் இடத்தில் வையுங்கள். பிரதான சக்கரங்களின் அச்சு வரும் இடத்துக்கு நேர் கீழே, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பென்சில் கொடுத்து நிறுத்துங்கள். மூக்கில் சின்னப் பிளாஸ்டிக் பை ஒன்றைத் தொங்கவிட்டு எடையை ஒவ்வொன்றாகப் போட்டு வந்தால், ஒரு கட்டத்தில் மூக்கு மெல்ல இறங்கும். அந்த எடையோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், பெயின்டும் துப்பாக்கிகளும் பின்னால் சேர்க்கப் போகிற கனத்துக்காக.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பை தொங்கியது மூக்கு நுனியில். ஆனால் லிபரேட்டரின் மூக்கு முழுவதும் கண்ணாடியும் டரட்டும். அங்கே எதையும் ஒளித்து வைக்க முடியாது. காக்பிட் தளத்துக்கு அடியில், முன் சக்கரக் குழியின் கூரை மேல், காக்பிட்டுக்குப் பின் தடுப்பில், எஞ்சின் கூடுகளுக்குள் என்றுதான் இடம் கிடைக்கும். சக்கர அச்சிலிருந்து 8 செ.மீ. முன்னே 40 கிராம் செய்கிற வேலையை 4 செ.மீ. முன்னே செய்ய 80 கிராம் வேண்டும். எஞ்சின் கூடுகளை நம்பினால் மொத்த எடை இப்படித்தான் ஏறிப்போகும். ஏறிய எடை முழுவதும் மெல்லிய கால்களின் தலையில்.

எடைக்கு டர்பனில் எல்லோரும் போவது மீன்பிடிச் சாமான் கடைக்கு. ஈயக்குண்டு அங்கே அவுன்ஸ் கணக்கில் கிடைக்கும். ஒரு அவுன்ஸ் 28 கிராம். சுத்தியலால் தட்டி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டு வரலாம். ஆனால் அதை மரம் ஒட்டுகிற வெள்ளைப் பசையால் ஒட்டவே கூடாது. அந்தப் பசை விடுகிற அசிட்டிக் அமிலமும், காற்றின் ஈரமும், கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஈயத்தை வெள்ளைப் பொடியாக மாற்றும். பொடி ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும். மூடிய உடலுக்குள் இது நடக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. முதலில் மூக்கின் இணைப்புக் கோட்டில் மயிரிழை போல ஒரு விரிசல், அப்புறம் இடைவெளியை அடைத்த புட்டி எழும்பி பெயின்ட் வெடிக்கும். கடலோர ஈரம் இதற்கு எண்ணெய் வார்த்தது மாதிரி. ஈயத்தைப் பிராட்லி புட்டி போன்ற, இரண்டு பாகம் கலந்து இறுகும் எபாக்சியால் முழுவதும் மூடிப் புதைக்க வேண்டும். ஒரே தடவையில் பெரிய உருண்டையாக வைக்காமல் இரண்டு தடவையாக வையுங்கள், எபாக்சி இறுகும்போது வருகிற சூடு மெல்லிய பிளாஸ்டிக்கை வளைத்துவிடும்.

எடை சரியாக உட்கார்ந்தாலும் கால்கள் மிச்சம் இருக்கின்றன. லிபரேட்டரின் பிரதான கால் பக்கத்துக்கு ஒற்றைத் தண்டு. மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் ஒரே பாரத்தைப் பல மாதம் தாங்கினால் மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கும், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். நம் பக்கத்தில் வெயில் வருவது வடக்குப் பார்த்த ஜன்னலில். அந்த ஜன்னலுக்கு எதிரே அலமாரி இருந்தாலோ, கோடையில் காரின் பின்சீட்டில் மாடலை ஒரு மணி நேரம் விட்டாலோ, சக்கரங்கள் இரு பக்கமும் அகன்று மாடல் வயிற்றைத் தாழ்த்தி நிற்கும். வளைந்த காலை நேராக்கப் போனால் ஒடியும்.

லிபரேட்டர்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் வழி இல்லாமல் இல்லை. முன் சக்கரத்தின் அடியில் துளையிட்டு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி சொருகி, அதை மரப் பலகையில் இறக்கி ஒட்டிவிடலாம். மாடல் பலகையோடு நிரந்தரமாகச் சேர்ந்துவிடும், எடையே தேவைப்படாது. சக்கரத்தை மடக்கி அக்ரிலிக் தண்டின் மேல் பறக்கும் நிலையில் நிறுத்துவது இன்னும் சுலபம். தனியாக விற்கிற உலோகக் கால்களில் வெள்ளை உலோகம் வேண்டாம், அதுவும் வளையும். பித்தளை நன்றாகத் தாங்குகிறது. ஆனால் உப்புக் காற்றில் பத்து வருடம் கண்டவை அதிகம் இல்லை என்பதால் அதற்கு மேல் உறுதி சொல்வதற்கில்லை.

லங்காஸ்டரில் இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு பிரதான காலும் இரட்டைத் தண்டு, நடுவில் சக்கரம், குறுக்கே இணைப்பு. சட்டம் போட்ட ஏணி மாதிரி இறுக்கமாக நிற்கும். சேர்க்கும்போது மட்டும் பொறுமை வேண்டும். மெதுவாகக் காயும் பசையை வைத்து, தட்டையான கண்ணாடிப் பலகை மேல் மாடலை நிறுத்தி, முன்னாலிருந்து பார்த்து இரு சக்கரமும் செங்குத்தாக இருக்கிறதா என்று முதல் பத்து நிமிடத்துக்குள் திருத்திவிட வேண்டும். பிறகு மறுநாள் வரை தொடக் கூடாது.

அடுத்தது இறக்கை. லங்காஸ்டரின் நடு இறக்கை மட்டமாக வரும். உள் எஞ்சினைத் தாண்டித் தொடங்கும் வெளி இறக்கை 7 பாகை மேலே ஏறும். ஏர்ஃபிக்ஸ் கிட்டில் உடலுக்குள் குறுக்கே போகும் சட்டங்கள் இந்தக் கோணத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. அதை நம்பி நேராக ஒட்டிவிடக் கூடாது. சட்டத்தில் ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் கம்பி) வெட்டிய பிசிறு அரை மில்லிமீட்டர் மிஞ்சினாலும், நுனிக்குப் போகும்போது அது பல மில்லிமீட்டராக விரியும். பசையில்லாமல் பொருத்தி, மேசையிலிருந்து இரு நுனிகளின் உயரத்தையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரும் வரை தேய்க்க வேண்டியது சட்டத்தைத்தான், இறக்கையை அல்ல.

கண்ணாடி இரண்டிலுமே வேலை வாங்கும். லங்காஸ்டரில் காக்பிட் கூண்டின் சட்டங்கள் மெல்லியவை, டேப் ஒட்டி மறைக்கும் மாஸ்கிங் ஒரு முழு மாலை எடுக்கும். சூப்பர் க்ளூ பக்கத்தில் வரவே கூடாது, அதன் ஆவி கண்ணாடியை வெண்மையாக்கிவிடும். ஈயத்திடமிருந்து விலக்கி வைத்த வெள்ளைப் பசைக்கு உரிய இடம் இதுதான்.

பெயின்ட் லங்காஸ்டரின் கடினமான பகுதி. மேலே டார்க் எர்த், டார்க் கிரீன்; ஹம்ப்ரோல் பெயின்டில் எண் 29, 163. அடியிலும் பக்கத்திலும் கறுப்பு. சுத்தக் கறுப்பு அடித்தால் சின்ன மாடலில் எல்லா நுணுக்கமும் மறைந்துபோகும். தாமியாவின் எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக் போலச் சற்று வெளுத்த கறுப்பு எடுங்கள். லேக்கர் (தின்னரில் கரைத்து அடிக்கும், வேகமாகக் காயும் பெயின்ட்) அடிப்பதானால் மாதம் பார்க்க வேண்டும். தைப்பூசக் காவடி சமயத்து டர்பன் காற்றில், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படிந்து, கறுப்பு திருநீறு பூசினது போல ஆகிவிடும். காய்வதைத் தாமதமாக்கும் ரிட்டார்டர் தின்னரை மெல்லிசாக மேலே அடித்தால் பெரும்பாலும் தெளியும். ஊரில் ஆடியில் விதைப்பார்கள். நமக்கு ஆடி வறண்ட குளிர்காலம், லேக்கருக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை. புரட்டாசி கழிந்தால் ஈரம் ஏறத் தொடங்கும். எந்த மாதமானாலும் கம்ப்ரஸர் குழாயில் ஈரத்தைப் பிடிக்கும் வாட்டர் ட்ராப் போடுங்கள். இல்லாவிட்டால் பாதி இறக்கை அடித்தபின் ஏர்பிரஷ் தண்ணீரைத் துப்பும்.

டீகாலுக்கு (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படம்) முன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். மேட் பரப்பின் சொரசொரப்பில் சிக்கிக்கொள்கிற காற்று எழுத்தைச் சுற்றி வெள்ளியாக மின்னும், கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். ஸ்வேல்ஸின் விமானத்தைச் செய்ய நினைப்பவர்களுக்கு: 582 ஆம் ஸ்குவாட்ரன், எண் பிபி538, குறியீடு 6ஓ-எம் (6-க்குப் பின் வருவது ஓ என்ற எழுத்து, பூஜ்யம் அல்ல). 1945 பிப்ரவரி 23 இரவு ஃபோர்ட்ஸ்ஹைம் தாக்குதலை வானிலிருந்து வழிநடத்தியவர் அவர். இரவுப் போர்விமானங்கள் இரண்டு எஞ்சின்களை முடக்கிய பின்பும் தாக்குதல் முடியும் வரை அங்கேயே சுற்றினார். திரும்பும் வழியில் தன் குழுவினர் எல்லோரும் குதிக்கும் வரை விமானத்தைப் பிடித்து வைத்திருந்து, அதோடு விழுந்து இறந்தார். இன்று சாலமன் மஹ்லாங்கு டிரைவ் என்கிற சாலையை வயதானவர்கள் இன்னமும் எட்வின் ஸ்வேல்ஸ் என்றே சொல்வார்கள். அந்த டீகால் பொதுவாகக் கிட்டோடு வராது, தனியாகத் தேட வேண்டும். தேடுகிற சிரமத்துக்குத் தகுந்த விமானம்.

லங்காஸ்டரின் குறையையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பு தூசியை மறைக்காது, மழைக்காலப் பூஞ்சணத்தையும் மறைக்காது. மூடிய கண்ணாடிப் பெட்டியும், உள்ளே சிலிக்கா ஜெல்லும், வாரம் ஒருமுறை மெல்லிய பிரஷும் வேண்டும். சாமி விளக்குக்கும் சாம்பிராணிக்கும் பக்கத்துச் சுவரில் வைக்காதீர்கள், புகைப் பிசுக்கு மேட் பெயின்டில் படிந்தால் போகாது. பூச்சிக்கென்று துணி அலமாரியில் போடுகிற அந்துருண்டையை இந்தப் பெட்டிக்குள் போடவே கூடாது. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். அப்புறம் லங்காஸ்டரின் இரட்டைக் கால்களும் தாங்காது.